பயத்துக்கும் வைத்தியம் உண்டு: வன்னியில் முதன்முறை மனநல சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு

நெஞ்சு படபடக்கிறது என்று ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று. இரத்தம் சோதித்தாயிற்று. சிலர் தலைக்கு ஸ்கேனும் எடுத்துவிட்டார்கள். எல்லாம் சரி என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் இரவில் நித்திரை இல்லை. கலியாண வீட்டில் வெடி கொளுத்தினால் கைகால் நடுங்குகிறது. பஸ்ஸில் சனம் கூடினால் மூச்சு முட்டுகிறது. வன்னியில் மனநலக் கிளினிக்குக்கு வந்து சேர்கிறவர்களில் பலர் இப்படிச் சுற்றித்தான் வருகிறார்கள். அந்தச் சுற்றைக் கொஞ்சம் குறைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனவடு, குறிப்பிட்ட ஒன்றின் மீதான பயம், பதகளிப்பு (ஓயாத பதற்றமும் கவலையும்) ஆகியவற்றுக்கான சிகிச்சைகளுக்குப் பெயர்கள் நிறைய. அடியில் அவை பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நாம் இவ்வளவு நாளும் விலகி ஓடிய ஒன்றின் பக்கம், பாதுகாப்பான இடத்தில், அளவாக, திரும்பத் திரும்பப் போகவைக்கின்றன. விலகினால் அந்த நேரத்துக்கு ஆறுதல் கிடைக்கும். அடுத்த முறை பயம் பெருப்பதற்குக் காரணமும் அந்த ஆறுதல்தான். எவ்வளவு வேகமாகப் போவது, யாருடன் போவது, எதன் பக்கம் போகவே கூடாது என்பதில் சிகிச்சை தருகிறவரின் திறமை தெரியும்.

படி 1: எது என்று பிரித்துப் பாருங்கள்

மனவடு என்றால் ஒரு சம்பவம் முடிந்தும் முடியாமல் நிற்பது. நினைக்க விரும்பாத நேரத்தில் அது கண்முன் வரும், கனவில் வரும். அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் பேச்சையும் தவிர்ப்பார்கள். உடம்பு எப்போதும் விழிப்பாக இருக்கும். கதவு அடிபட்டாலே திடுக்கிடும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் குழப்பினால்தான் அதை நோயாகக் கணிப்பார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூலில் இதற்குத் தனிப்பெயர் கிடைத்தது. அதற்கு முன்பும் மனிதருக்கு இது இருந்ததுதான்.

குறிப்பிட்ட பயம் வேறு. பாம்பு, நாய், ஊசி, இரத்தம், கிணறு, உயரம் என்று ஒரு பொருளோடு நிற்கும். அது இல்லாத இடத்தில் ஆள் நன்றாக இருப்பார். பொதுவான பதகளிப்பு இப்படி ஓரிடத்தில் நிற்காது. பிள்ளையின் படிப்பு, கடன், வருத்தம், நாளைய மழை என்று கவலை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும், மாதக்கணக்கில் நீடிக்கும். பீதித் தாக்கம் என்பது இன்னொன்று. திடீரென்று நெஞ்சடித்து, வியர்த்து, செத்துப்போகிறேன் என்ற எண்ணம் வரும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். ஆனால் முதல் தடவை நெஞ்சுவலி வந்தால் பீதி என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். முதலில் வைத்தியசாலை. தைராய்டுக் கோளாறும் இரத்தசோகையும்கூடப் படபடப்பைத் தரும். குடியைத் திடீரென்று நிறுத்தினாலும் நடுக்கம் வரும்.

நாலும் ஒரே ஆளிடம் கலந்திருப்பது இங்கே சாதாரணம். 2004-ல் சுனாமி, பிறகு இடம்பெயர்வுமேல் இடம்பெயர்வு, 2009 மே வரை போரில் பங்கரும் செல்லடியும், அதன்பின் செட்டிகுளம் முகாம் என்று வாழ்ந்த ஒருவரிடம் எந்தப் பயம் எதிலிருந்து வந்தது என்று பிரிப்பது லேசில்லை. நீங்கள் முழுவதும் பிரிக்க வேண்டியதில்லை. எது எப்போது தொடங்கியது, எது இப்போது அதிகம் கஷ்டப்படுத்துகிறது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் போதும்.

படி 2: எங்கே போவது

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. முல்லைத்தீவுக்காரருக்கு மாஞ்சோலை என்றால் புரியும். அரச வைத்தியசாலை என்பதால் காசு இல்லை. கிளினிக் நாளை வெளிநோயாளர் பிரிவில் கேட்டுவிட்டுப் போங்கள். மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்து, இன்று கிளினிக் இல்லை என்று திரும்பினால் இரண்டாம் முறை யாரும் வரமாட்டார்கள்.

வைத்தியசாலை என்றாலே தயக்கமாக இருந்தால் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கதையுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அந்த அலுவலகத்துக்குக் காணி அலுவலாகவும் போகலாம், சமுர்த்தி அலுவலாகவும் போகலாம். என்னத்துக்குப் போனீர்கள் என்று ஊர் கேட்காது.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்றால் 1990-க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும். வீட்டில் வைத்திருக்கும் பூச்சிமருந்தை அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 3: முதல் நாள்

முதல் நாளே முழுக்கதையையும் சொல்ல வேண்டியதில்லை. நல்ல உளவளத்துணையாளர் கேட்கவும் மாட்டார். வன்னியில் எங்கள் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் நிறைய: பதிவுக்காரர், ஆய்வுக்காரர், கமராக்காரர், விசாரணைக்காரர். அவர்களிடம் சொன்னபோது பாரம் குறையவில்லை, பிறகு மூன்று நாள் நித்திரை போனது என்று பலர் சொல்வார்கள். அதனால் ‘கதைத்து என்ன வரப்போகுது’ என்ற எண்ணம் நியாயமானதுதான். சிகிச்சையில் கதைப்பதற்குத் தொடக்கம், ஒழுங்கு, முடிவு எல்லாம் உண்டு. சம்பவத்தின் நடுவில் உங்களை விட்டுவிட்டு நேரம் முடிந்தது என்று எழும்ப மாட்டார்கள். ஓர் அழிவு நடந்த கையோடு எல்லாரையும் இருத்தி ஒரேயொரு முறை விபரமாகக் கதைக்கவைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. அதனால் மனவடு தடுபடுவதில்லை என்று தெரிந்தபின் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எனக்கு என்ன முறையில் சிகிச்சை செய்யப்போகிறீர்கள்? எத்தனை தடவை வரவேண்டும்? வீட்டில் நான் என்ன செய்யவேண்டும்? மூன்றாவதற்குப் பதில் இல்லை என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். இந்தச் சிகிச்சைகளில் பாதி வேலை வீட்டில்தான் நடக்கிறது. கதவு மூடிய அறை வேண்டும் என்று கேட்கலாம். பெண்கள் பெண் உளவளத்துணையாளரைக் கேட்கலாம். உங்கள் ஊர்க்காரரே அங்கே வேலை செய்தால் வேறு ஆள் வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை.

படி 4: உடம்பை இறக்கப் பழகுதல்

பொதுவாக முதல் ஓரிரு சந்திப்புகள் இதில் போகும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குவது, தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துவது, சாந்தி ஆசனம் எல்லாம் இதில் அடங்கும். யாழ்ப்பாணத்து மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு வேலை செய்தவர்களும் எங்கள் வழக்கத்தில் இருப்பவற்றையே இதற்குப் பயன்படுத்தலாம் என்று நீண்டகாலமாகச் சொல்லிவருகிறார்கள். சைவக்காரர் ‘ஓம்’ சொல்லலாம், கிறிஸ்தவர் செபமாலை சொல்லலாம், முஸ்லிம்கள் திக்ர் செய்யலாம்.

கண்ணை மூடியவுடன் படம் ஓடத் தொடங்குகிறது என்றால் மூடாதீர்கள். திறந்த கண்ணோடு செய்யுங்கள். கால் நிலத்தில் படுவதை உணருங்கள்; அறையில் இருக்கும் ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லுங்கள்; இன்றைய திகதியையும் நிற்கும் இடத்தையும் சத்தமாகச் சொல்லுங்கள். பழைய நினைவு வந்து ஆளை அடித்துக்கொண்டு போகும்போது திரும்பி வருவதற்கு இதுதான் வழி. ஆனால் இந்தப் படியிலேயே நின்றுவிடக்கூடாது. தளர்வுப் பயிற்சி மட்டும் மாதக்கணக்கில் செய்து, பயந்த இடத்துக்கு ஒரு நாளும் போகாதவர்கள் இருக்கிறார்கள்.

படி 5: பயத்தின் பக்கம் படிப்படியாக

குறிப்பிட்ட பயங்களுக்கு இதைவிட நல்ல சிகிச்சை இல்லை. முறையும் நூறு வருடப் பழையது. 1924-ல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்பவர், முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனுக்கு விருப்பமான சாப்பாட்டைக் கொடுத்துக்கொண்டே முயல் கூட்டை நாளுக்கு நாள் கிட்டக் கொண்டுவந்து பயத்தைப் போக்கியதாக எழுதினார். 1958-ல் மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் அதைப் படிப்படியான முறையாக ஒழுங்குபடுத்தினார்.

சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போகாத முல்லைத்தீவு அக்கா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பயத்தைப் பூச்சியத்திலிருந்து நூறு வரை அளக்கப் பழக்குவார்கள். பிறகு பட்டியல் போடுவார்கள். ஃபோனில் கடலின் படம் பார்ப்பது 20. அலைச் சத்தத்தோடு வீடியோ பார்ப்பது 35. கடல் தெரியும் வீதியில் தங்கச்சியோடு நிற்பது 50. தனியே நிற்பது 60. மணலில் இறங்கி வள்ளங்கள் கிடக்கும் இடம்வரை போவது 75. காலை அலையில் நனைப்பது 95. இருபதில் தொடங்கி, ஒரு படி சலிப்புத் தட்டும் வரை திரும்பத் திரும்பச் செய்து, அடுத்ததற்குப் போவார்கள்.

இதில் ஒழுங்குகள் சில உண்டு. பயம் உச்சத்தில் நிற்கும்போது ஓடிவரக்கூடாது. அப்படி ஓடினால் ஓடித்தான் தப்பினேன் என்று மூளை படித்துக்கொள்ளும். கொஞ்சம் இறங்கும் வரையாவது நில்லுங்கள். பயம் முழுக்க இறங்கவில்லை என்றாலும் குறையில்லை. ‘மயங்கி விழுவேன் என்று நினைத்தேன், விழவில்லை’ என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம் என்று இப்போது சொல்கிறார்கள். போக முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என எழுதுங்கள், வந்தபின் நடந்ததை எழுதுங்கள். வாரத்தில் ஒரு நாள் போவதைவிட நாலைந்து நாள் அடுத்தடுத்துப் போவது நல்லது. கையை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆள், பொக்கெற்றில் இருக்கும் குளிசை, நூறுவரை எண்ணுவது போன்ற துணைகளை மெல்ல மெல்லக் கழற்ற வேண்டும்.

பட்டியல் போடும்போது இந்த மண்ணைத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பது நல்லது. தண்ணீரைப் பார்க்கப் பழகவேண்டும் என்று, போரின் கடைசி நாட்களில் சனம் கடந்து வந்த வட்டுவாகல் பாலத்தை ஒரு படியாகப் போட்டுவிடக் கூடாது. அந்தப் பாலத்தில் சிலருக்கு வரும் நினைவு 2004-க்கு உரியதாக இருக்காது, 2009-க்கு உரியதாக இருக்கும். அது படி 6-ல் பார்க்க வேண்டிய வேலை.

உண்மையான ஆபத்தைப் பயம் என்று சொல்லிப் பழக்கவும் கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் இறங்கப் பயப்படுவது நோயில்லை, புத்தி. இரவில் யானை நடமாடும் பாதையும் அப்படித்தான். பாம்புப் பயத்துக்குச் சிகிச்சை செய்தாலும் வயலுக்கு டோர்ச் இல்லாமல் போகச் சொல்ல மாட்டார்கள்.

ஊசியும் இரத்தமும் தனி விதி. மற்றப் பயங்களில் பிரசர் ஏறும். இதில் முதலில் ஏறிப் பிறகு சடாரென்று விழுவதால் சிலர் உண்மையாகவே மயங்குவார்கள். அவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி உதவாது, நேர்மாறானது வேண்டும். சுவீடனின் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் உருவாக்கிய முறை இது. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி, முகம் சூடாகும் வரை இறுக்குங்கள். பிறகு 20 முதல் 30 விநாடி விடுங்கள். ஐந்து தடவை செய்யுங்கள். ஊசி ஏற்றும் கையை மட்டும் தளர்வாக வைத்திருங்கள். நீரிழிவுக்கும் டயலிசிஸுக்கும் அடிக்கடி ஊசி தேவைப்படுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. மூன்று மணிநேரம் வரை நீளும் ஒரே அமர்வில் ஒரு தனிப்பயத்தைப் பார்த்து முடிக்கும் முறையும் ஓஸ்ட் கொண்டுவந்ததுதான்.

பீதித் தாக்கத்துக்கும் இதே வழிதான், ஆனால் அங்கே பயப்படும் பொருள் சொந்த உடம்பு. இருதய வருத்தம் இல்லை என்று வைத்தியர் உறுதிசெய்த பிறகு, படியேறி நெஞ்சடிப்பை வரவழைப்பது, சுற்றி நின்று தலைசுற்றை வரவழைப்பது என்று செய்யவைப்பார்கள். வந்த படபடப்பு தானாகப் போவதை ஆள் தானே பார்ப்பார்.

படி 6: மனவடுவுக்கு

இதைத் தனியே வீட்டில் முயல வேண்டாம். பயிற்சி பெற்ற ஒருவரோடுதான் செய்ய வேண்டும்.

இங்கே பொருந்தும் என்று நான் அதிகம் நம்புவது கதை வழி வெளிப்படுத்தல் சிகிச்சை. ஜேர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், போரில் ஒன்றல்ல பல சம்பவங்களைக் கண்டவர்களுக்காக உருவாக்கியது. முதல் அமர்வில் நிலத்தில் ஒரு கயிறு போடுவார்கள். அது உங்கள் வாழ்க்கை. நல்லவை நடந்த இடத்தில் ஒரு பூ வைப்பீர்கள், கெட்டவை நடந்த இடத்தில் ஒரு கல். பிறந்ததிலிருந்து தொடங்கி, அடுத்தடுத்த சந்திப்புகளில் கல்லாகக் கல்லாக நின்று, எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள், உடம்பு என்ன செய்தது, இப்போது கதைக்கும்போது என்ன செய்கிறது என்று மெதுவாகச் சொல்வீர்கள். அவர் எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டுவார், நீங்கள் திருத்துவீர்கள். கடைசியில் எழுத்து உங்கள் கைக்கு வரும். பூக்களையும் விட்டுவிடமாட்டார்கள். விசாரணைகளில் யாரும் கேட்காத பகுதி அது.

சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில் 31 பிள்ளைகளுக்கு, உள்ளூரில் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்கள் ஆறு அமர்வுகள் நடத்திப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு இந்தக் கதை வழிச் சிகிச்சை. மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வும். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 வீதமும், இரண்டாவதில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். 2009-ல் வெளிவந்த முடிவு இது. குழு சிறியது என்பதால் எது பெரிது என்று அடித்துச் சொல்ல முடியாது. வெளிநாட்டு நிபுணர் வந்து இருந்தால்தான் நடக்கும் என்ற எண்ணத்தை இது உடைத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சிந்தனையையும் செயலையும் சேர்த்துப் பார்க்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, குற்றவுணர்வு தின்கிறவர்களுக்கு நல்லது. ‘அந்தப் பங்கருக்குள் கூட்டிக்கொண்டு போனது நான்தானே’, ‘கையை விட்டிராவிட்டால்’ என்று வருடக்கணக்கில் தன்னையே தண்டிக்கும் பெற்றோர் இங்கே எத்தனை பேர். சிகிச்சையில் ‘அப்படி நினைக்காதீங்க’ என்று சொல்ல மாட்டார்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரியும், வேறு என்ன வழி இருந்தது, செல் அடித்தது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பொறுப்பைப் பங்கு பிரிப்பார்கள்.

ஈ.எம்.டி.ஆர். என்று ஒன்றையும் கேள்விப்படுவீர்கள். 1987-ல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சீன் ஷபிரோ தொடங்கியது. சம்பவத்தின் ஒரு காட்சியை மனதில் பிடித்துக்கொண்டு, அசையும் விரலைக் கண்ணால் பின்தொடரச் சொல்வார்கள். வசியம் இல்லை, பயப்பட வேண்டாம். பலன் உண்டு என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. கண் அசைவுதான் காரணமா என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. விபரமாக வாயால் சொல்ல முடியாதவர்களுக்கு இது வசதி.

எந்த முறை என்றாலும் முதல் இரண்டு மூன்று வாரம் கனவு கூடலாம், அழுகை வரலாம். அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள். ஆனால் சிகிச்சை தருகிறவரிடம் சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார். வீட்டில் இன்னும் அடி விழுந்துகொண்டிருந்தால், அல்லது குடி கட்டுப்பாட்டில் இல்லை என்றால், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு மேலே சொன்னவை அப்படியே பொருந்தாது. அவர்களுடைய சம்பவம் இன்னும் முடியவில்லை. மரணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், திதி செய்யுங்கள், பொட்டை அழியுங்கள் என்று எவரும் தள்ளக்கூடாது, சிகிச்சை தருகிறவரும்தான். தெளிவில்லாத இழப்பு என்று இதை விளக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ். இருக்கிறார், இல்லை என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு வாழப் பழகுவதுதான் அவர் சொல்லும் வழி. ஒரே நிலையில் இருப்பவர்கள் சேர்ந்திருப்பது இதற்கு உதவும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய உறவினர்களின் போராட்டம் நீதிக்கானது. ஆனால் அந்தக் கொட்டகையில் பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு எதையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை என்பதும் ஒரு ஆறுதல்தான்.

படி 7: குளிசையும் மற்றவையும்

செர்ட்ரலின், ஃபுளுவொக்செற்றின் போன்றவை பதகளிப்புக்கும் மனவடுவுக்கும் கொடுக்கப்படுகின்றன. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் எடுக்கும். முதல் வாரம் வயிறு பிரட்டலாம். சுகம் வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். டயசிபாம் மாதிரியான நித்திரைக் குளிசை வேறு கதை. சில நாளுக்கு உதவும், நீண்ட காலம் போட்டால் அதுவே பழக்கமாகும். மனவடுவுக்கு அது சிகிச்சையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிப் போடவே வேண்டாம்.

கவலைகளில் சில, தீர்க்க வேண்டிய பிரச்சினைகள். நுண்கடன் கட்டுப்பணத்துக்காகச் செவ்வாய்க்கிழமை ஆள் வருவார் என்று திங்கள் இரவு நித்திரை வராதவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுப்பது அநியாயம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து அமர்வு முறை ஒன்று இதற்கு உண்டு. தீர்க்கக்கூடியது, தீர்க்க முடியாதது என்று பிரச்சினைகளைப் பிரித்து, ஒன்றை மட்டும் எடுத்துச் சின்ன அடியாக வேலை செய்ய வைப்பார்கள். மருத்துவர் இல்லாத சாதாரணப் பணியாளரும் பயிற்சி பெற்று இதைச் செய்யலாம்.

கோயிலுக்குப் போய் நூல் கட்டுவது, திருநீறு போடுவது எதையும் நிறுத்த வேண்டியதில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்து போவது சனக்கூட்டத்துக்குப் பயந்தவருக்கு நல்ல கடைசிப் படியாகவும் இருக்கும். அடிப்பது, புகை போடுவது, குளிசையை நிறுத்தச் சொல்வது என்று போனால் எழும்பி வந்துவிடுங்கள்.

வீட்டுக்காரருக்கு ஒன்று. அவர் பயப்படும் வேலையெல்லாவற்றையும் நீங்களே செய்துகொடுக்காதீர்கள். இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். ‘வா, நானும் வாறன், பத்து நிமிசம் நிப்பம்’ என்பது சரியான அளவு.

மே மாதத்திலும் டிசம்பர் கடைசியிலும் அறிகுறிகள் திரும்பும். அந்த மாதங்களில் ஒரு சந்திப்பை முன்கூட்டியே போட்டு வையுங்கள். எட்டுப் பத்துச் சந்திப்புக்குப் பிறகும் மாற்றம் இல்லை என்றால், முறையையோ ஆளையோ மாற்றலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். வேலைக்காக வேறு மாவட்டம் போனால் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். அது இல்லாவிட்டால் அங்கேயும் ஈ.சி.ஜி.யிலிருந்து தொடங்குவார்கள்.